டீசல் குழாயில் எடுத்து, யூரியா மூட்டையில் கொடுக்கிறார்கள்

எண்ணெய் நிறுவனங்களின் லாபம், அரசுகளின் வரி, உர மானியம்: புதுச்சேரி எல்லையில் நின்று ஓர் ஏக்கர் கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிற சாலையில் முள்ளோடையில் எல்லை. விழுப்புரத்திலிருந்து வந்தால் மதகடிப்பட்டு. திண்டிவனம் சாலையில் கோரிமேடு. மூன்று இடத்திலும் எல்லையை ஒட்டிப் பெட்ரோல் பங்குகள் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டு வண்டிகள் அங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பும். அறுவடைக் காலத்தில் டிராக்டரும் வரும். லிட்டருக்கு 5, 6 ரூபாய் குறைகிறதென்றால் யார்தான் வரமாட்டார்கள்?

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. எல்லைக்கோடு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு அரசு, வேறு வரி. மண் ஒன்றுதான், பட்டம் ஒன்றுதான், நெல்லும் ஒன்றுதான். டீசல் மட்டும் இரண்டு விலை.

"புதுச்சேரியில டீசல் விலை கம்மி, அந்த விவசாயிக்கு என்ன குறை?" என்று தமிழ்நாட்டு உழவர்கள் கேட்பதுண்டு. கம்மிதான். ஆனால் அந்தக் கம்மி விலைக்குள்ளும் எவ்வளவு வரி இருக்கிறது, அது எங்கே போகிறது, எந்த வடிவத்தில் யாருக்குத் திரும்பி வருகிறது என்று பார்த்தால், எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நம்ம பாடு ஒன்றுதான் என்பது புரியும்.

லிட்டருக்குள் என்ன இருக்கு?

2025 ஏப்ரல் நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஒன்றிய அரசின் கலால் வரி 17 ரூபாய் 80 காசு. இது நாடு முழுவதற்கும் ஒன்று. அதற்கு மேல் மாநிலத்தின் வாட் வரி.

தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீதம் வாட். அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு நிலையான தொகை. புதுச்சேரியில் 11.22 சதவீதம் மட்டும். நிலையான தொகை கிடையாது. விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

புதுச்சேரி எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2020 மே மாதக் கடைசியில், கொரோனா முடக்கத்தின் நடுவே, இங்கேயும் வாட் வரியை ஏற்றினார்கள். பிறகு 2021 நவம்பரில் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் கலால் வரியைக் குறைத்தபோது, புதுச்சேரி அரசு தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. கலால் வரியையும் சேர்த்த தொகையின் மேல்தான் வாட் போடுகிறார்கள், வரிமேல் வரி. கலால் குறைந்ததும் வாட்டும் தானாகக் கொஞ்சம் இறங்கியது. எல்லாம் சேர்ந்து இங்கே டீசல் ஒரே நாளில் 19 ரூபாய் இறங்கியது. எல்லைப் பங்குகளில் கூட்டம் கூடியது அப்போதுதான்.

அந்தச் சலுகை முழுசாக நிலைக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் டீசல் வாட் 8.65 சதவீதத்திலிருந்து 11.22 ஆகவும், பெட்ரோல் வாட் 14.55-லிருந்து 16.98 ஆகவும் உயர்ந்தது. லிட்டருக்குச் சுமார் 2 ரூபாய் ஏற்றம். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றுக்கும் தனித்தனி விகிதம். பக்கத்து மாநில விலையை விடக் கொஞ்சம் கம்மியாக வைத்தால் வண்டிகள் தேடி வரும், விற்பனை கூடும், விகிதம் குறைந்தாலும் வசூல் குறையாது. புதுச்சேரியின் மலிவு விலை பெரும்பாலும் இந்த வியாபாரக் கணக்கு. உழவரை மனதில் வைத்துப் போட்ட விலை இல்லை அது.

நம்ம பேர்ல ஒரு வரி

அந்த 17.80 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். நான்கு துண்டு:

அடிப்படைக் கலால் வரி – 1.80 ரூபாய்
சிறப்புக் கூடுதல் கலால் வரி – 10 ரூபாய்
சாலை, உள்கட்டமைப்பு வரி – 2 ரூபாய்
வேளாண் உள்கட்டமைப்பு, மேம்பாட்டு வரி – 4 ரூபாய்

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். உழவுக்கு வாங்குகிற டீசலில், வேளாண்மையை மேம்படுத்துகிறோம் என்று சொல்லி லிட்டருக்கு 4 ரூபாய் உழவரிடமே வாங்குகிறார்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்தது இது. அன்றைக்கு விற்பனை விலை ஏறவில்லை. மற்ற வரிகளைக் குறைத்து இதை நுழைத்தார்கள். அதனால் பலருக்கு விஷயமே தெரியவில்லை.

குறைத்தது எதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டீசலின் அடிப்படைக் கலால் 4.83 ரூபாயிலிருந்து 1.80 ஆனது. மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியது இந்த அடிப்படைக் கலாலில் மட்டும்தான். மற்ற மூன்றும் பங்கு பிரிக்காமல் டெல்லியே வைத்துக்கொள்ளும் தொகை. 2025 ஏப்ரலின் 17.80 ரூபாயில் பங்குக்கு வருவது 1.80. அதில் 41 சதவீதம், அதாவது ஏறக்குறைய 74 காசுதான், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் போகிறது.

புதுச்சேரிக்கு அந்த 74 காசிலும் பங்கில்லை. சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனால் ஒன்றியப் பிரதேசம் என்பதால் நிதிக்குழுவின் வரிப் பகிர்வு வரம்புக்குள் வராது. உள்துறை வழியாக வருகிற மானியத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நிதிக்குழுவில் சேருங்கள் என்பது இங்கே பல வருடக் கோரிக்கை. பாகூர் உழவர் டீசலில் கட்டுகிற கலால் வரி டெல்லிக்குப் போகிறது. திரும்பி வருவது அவர்கள் கொடுக்கிறபோது கொடுக்கிற மானியம்.

கச்சா எண்ணெய் இறங்கினால் யாருக்கு லாபம்?

பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலும் அரசு கைவிட்டது. "உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்" என்றார்கள். தினசரி விலை மாற்றத்தை 2017 மே 1-ல் ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் புதுச்சேரியும் ஒன்று; மற்றவை விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜம்ஷெட்பூர், சண்டிகர். ஜூன் 16 முதல் நாடு முழுவதும் வந்தது.

ஏறும்போது ஏறியது. இறங்கும்போது என்ன ஆனது?

2014 மே மாதம் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல். அப்போது டீசலுக்குக் கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கியது. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது முறை கலால் வரியை ஏற்றினார்கள். 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் 20 டாலருக்கு வந்தது. மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் டீசலுக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 10 ரூபாய் என்று மறுபடி ஏற்றினார்கள். டீசல் கலால் 31 ரூபாய் 83 காசைத் தொட்டது. உலகச் சந்தை இறங்கியதன் பலன் வரியாக மாறிக் கஜானாவுக்குப் போனது. பங்குக்கு வந்து நின்ற நமக்கு அது இறங்கினதே தெரியாது.

தொகையாகவே பார்க்கலாம். பெட்ரோலியப் பொருட்களில் ஒன்றிய அரசுக்குக் கிடைத்த கலால் வரி 2014-15-ல் சுமார் 99,000 கோடி ரூபாய். 2020-21-ல் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி. நாடே முடங்கி, வண்டி ஓடாத வருடம் அது.

"முந்தைய ஆட்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய்க் கடன் பத்திரங்களை அடைக்க வேண்டியிருக்கிறது" என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பத்திரங்களின் அசல் ஏறக்குறைய 1.3 லட்சம் கோடி. அடைக்கப் பல வருடத் தவணை இருந்தது. ஒரே வருட வசூல் அந்த அசலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். அந்த 2025 ஏப்ரலின் 17.80 என்பது 2014-ன் 3.56-ஐப் போலச் சரியாக ஐந்து மடங்கு. அதே காலத்தில் நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,360 ரூபாயிலிருந்து 2025-26-ல் 2,369 ஆனது. ஒன்றேமுக்கால் மடங்கு. வரி ஐந்து மடங்கு, நெல் ஒன்றேமுக்கால் மடங்கு.

சந்தைதான் விலையை முடிவு செய்கிறது என்கிற பேச்சுக்கு நம்ம ஊரே சாட்சி. 2021 ஏப்ரல் 6-ல் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் சட்டமன்றத் தேர்தல். பிப்ரவரி 27-க்குப் பிறகு பெட்ரோல், டீசல் விலை ஏறவே இல்லை. மே 2-ல் ஓட்டு எண்ணினார்கள். மே 4-ல் ஏறத் தொடங்கிவிட்டது. தினமும் மாறுகிற விலைக்கும் தேர்தல் தேதி தெரிந்திருக்கிறது.

நட்டம் வந்தால் பேச்சு, லாபம் வந்தால் மௌனம்

இனி நிறுவனங்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் பொதுத்துறை.

உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் கச்சா எண்ணெய் ஏறியது. அந்த ஏப்ரல் 6-க்குப் பிறகு நிறுவனங்கள் விலையை நிறுத்தி வைத்தன. முதல் ஆறு மாதத்தில் மூன்றுக்கும் சேர்த்து 21,000 கோடிக்கு மேல் நட்டம். சமையல் எரிவாயு நட்டத்துக்காக அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. அந்த ஆண்டு முழுவதற்கும் மூன்றின் நிகர லாபம் சேர்த்து 1,100 கோடிதான். இந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 8,974 கோடி நட்டம். உண்மையான நெருக்கடிதான், மறுக்க வேண்டியதில்லை.

அடுத்த வருடம் கச்சா எண்ணெய் இறங்கியது. ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்தது. பங்கில் விலை இறங்கவில்லை. 2023-24-ல் இந்தியன் ஆயிலின் லாபம் 39,619 கோடி, பாரத் பெட்ரோலியம் 26,673 கோடி, இந்துஸ்தான் பெட்ரோலியம் 14,694 கோடி. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 81,000 கோடி. அந்த நிதியாண்டு முடியப் போகிற 2024 மார்ச் நடுவில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால், லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். 2024-25-ல் லாபம் சுமார் 33,600 கோடியாகக் குறைந்தது. 2025 ஆகஸ்டில் எரிவாயு நட்டத்துக்கு மறுபடி 30,000 கோடி ரூபாய் கொடுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

பொதுத்துறை நிறுவனம் லாபம் பார்ப்பது தப்பில்லை. அது தனியாருக்கு விற்கப்படாமல் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதுதான் நம் நிலைப்பாடும். ஆனால் அந்த லாபத்திலும் பங்கு ஈவுத்தொகையாக அரசுக்கே போகிறது. பெரும்பங்கு முதலாளி அரசுதானே! கலால் ஒரு வாசல், ஈவுத்தொகை இன்னொரு வாசல். இரண்டு வாசலிலும் பணம் கொண்டுபோய்ப் போடுவது டேங்க் நிரப்புகிற ஆள்.

லாரிக்காரர் டீசல் ஏறினால் வாடகையை ஏற்றுவார். கடைக்காரர் சரக்கு விலையில் வைப்பார். உழவர் எங்கே வைப்பார்? நெல் விலையைக் கொள்முதல் நிலையம் சொல்கிறது. கத்தரிக்காய் விலையை மார்க்கெட் சொல்கிறது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சங்கிலியில் கடைசிக் கண்ணி நாம்தான். வரி நம்மிடம் வந்து நின்றுவிடுகிறது.

ஓர் ஏக்கர் கணக்கு

ஒரு போக நெல்லுக்கு, உழவு, சேற்றுழவு, அறுவடை இயந்திரம், மூட்டை ஏற்றிப்போவது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 20 லிட்டர் டீசல் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் நிலத்தில் கூடலாம், குறையலாம். நீங்கள் டீசல் வாங்காமல் வாடகை டிராக்டர் வைத்தாலும் கணக்கு மாறாது. மணி வாடகைக்குள் அது இருக்கிறது.

ஒன்றியக் கலால்: 20 × 17.80 = 356 ரூபாய்
(இதில் வேளாண் மேம்பாட்டு வரி மட்டும் 80 ரூபாய்)
புதுச்சேரி வாட்: லிட்டருக்குச் சுமார் 8.50 வீதம் 170 ரூபாய்
மொத்தம்: சுமார் 526 ரூபாய்

தமிழ்நாட்டில் இன்னும் கூடும். அங்கே அந்த 9.62 ரூபாய் நிலையான தொகையே 20 லிட்டருக்கு 192 ரூபாய். 2025 ஏப்ரல் விகிதப்படி, ஐந்து ஏக்கரில் இரண்டு போகம் வைப்பவருக்குப் புதுச்சேரியில் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் டீசல் வரி. பி.எம். கிசானில் வருடத்துக்கு 6,000 வருகிறது. இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்குவது என்பது இதுதான்.

மூட்டைக்குள் இருக்கும் டீசல்

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற டீசல். தெரியாதது ஒன்று இருக்கிறது.

யூரியா, இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது. உற்பத்திச் செலவில் பெரும்பகுதி எரிவாயுவுக்குத்தான். இந்தியத் தொழிற்சாலைகளுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல்படியே ஒரு டன் யூரியாவுக்கு 55 லட்சம் முதல் 65 லட்சம் கிலோகலோரி ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறக்குறைய 8,600 கிலோகலோரி. குறைந்த அளவையே எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு இரண்டரை லட்சம் கிலோகலோரி. அதாவது 28 லிட்டர் டீசலுக்குச் சமம்.

ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டால் 57 லிட்டர். டிராக்டரில் எரித்தது 20 லிட்டர். வயலில் வெள்ளையாகத் தூவியது 57 லிட்டர். ரசாயன விவசாயம் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய், எரிவாயு விவசாயம். டேங்கில் இருப்பதைவிட மூட்டையில் இருப்பது அதிகம்.

அந்த மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்குத் தருகிறார்கள். மிச்சம் மானியம். 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது, 2022-23-ல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டியது. 2025-26 பட்ஜெட்டில் சுமார் 1.68 லட்சம் கோடி. இந்தப் பணம் உழவர் கணக்கில் வருவதில்லை. நாம் கைரேகை வைத்து மூட்டை வாங்கினதும் உர நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. நமக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து வருவதால், அதில் பெரும்பங்கு கடல் தாண்டியும் போகிறது.

அப்படியென்றால் முழுப் படம் என்ன? டீசல் குழாயில் உழவரிடம் எடுக்கிறார்கள். யூரியா மூட்டையில் உழவருக்குக் கொடுப்பதாகச் சொல்லி நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே பொருளில், எண்ணெயில். யூரியாவை விட்டுவிட்ட இயற்கை உழவருக்கு எடுப்பு மட்டும் உண்டு, கொடுப்பு இல்லை. அந்த 57 லிட்டரை நாட்டுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவருக்குக் கிடைக்கும் மானியம் பூஜ்யம். இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கம் என்று 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தார்களே, நாடு முழுமைக்கும் அதன் மொத்த ஒதுக்கீடு 2,481 கோடி. 1.68 லட்சம் கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரான்சில் டிராக்டர்கள் சாலைக்கு வந்த கதை

நம்மை ஆண்டுவிட்டுப் போன நாட்டில் உழவுக்கான டீசலுக்குத் தனி வரி விகிதம் உண்டு. சாலை வண்டிக்கான வரியைவிட மிகக் குறைவு. அந்தச் சலுகையைப் படிப்படியாக நீக்கப் போவதாகப் பிரெஞ்சு அரசு சொன்னது. 2024 ஜனவரியில் மற்றக் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து டிராக்டர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள் உழவர்கள். ஜனவரி 26-ல் பிரதமர் காப்ரியல் அத்தால் அந்த வரி உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தார். அதே மாதம் ஜெர்மனியிலும் உழவு டீசல் சலுகைக்காகப் போராட்டம் நடந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பீகாரில் வறட்சிக் காலத்தில் டீசல் வைத்துப் பாசனம் செய்யும் உழவருக்கு மாநில அரசு டீசல் மானியம் கொடுத்திருக்கிறது. நம்ம கடற்கரையிலேயே மீனவர்களுக்கு விசைப்படகு டீசலுக்கு மாநில வரிச் சலுகை உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. கடலில் பிழைப்பவருக்கு அது நியாயம்தான். நிலத்தில் பிழைப்பவருக்கு ஏன் இல்லை என்று இதுவரை நாம் அழுத்திக் கேட்டதில்லை.

என்ன கேட்கணும்?

இங்கே ஒரு கேள்வி எழும். "சுற்றுச்சூழல் பேசுற நாமே டீசலை மலிவாக்குனு கேக்கலாமா?" நியாயமான கேள்வி. லிட்டர் கணக்கில் மானியம் கேட்டால், அதிகம் எரிப்பவருக்கு அதிகம் போகும். பெரிய டிராக்டர் வைத்திருப்பவர் வாங்குவார். வாடகைக்கு ஓட்டும் சிறு உழவருக்கு எதுவும் வராது. எனவே ஏக்கர் கணக்கில் கேட்க வேண்டும்.

ஒன்று: சாகுபடி செய்கிற ஒவ்வொரு ஏக்கருக்கும், போகத்துக்கு ஒரு தொகையை டீசல் வரித் திருப்பமாக உழவர் கணக்கில் போட வேண்டும். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அதே தொகை. குறைவாக எரிப்பவருக்கு மிச்சம் கூடும். குத்தகை உழவருக்கும் இது வர வேண்டும்.

இரண்டு: வேளாண் மேம்பாடு என்று சொல்லி லிட்டருக்கு வாங்கும் 4 ரூபாயில் புதுச்சேரியில் எவ்வளவு வசூலானது, இந்தப் பிரதேசத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

மூன்று: ரசாயன உரம் வாங்காத உழவருக்கு, அவர் மிச்சப்படுத்திக் கொடுத்த உர மானியத்தில் ஒரு பங்கை ஏக்கர் கணக்கில் கொடுக்க வேண்டும். ஆதார், கைரேகை எல்லாம் வைத்திருக்கிறார்கள்; யார் மூட்டை வாங்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

எங்கே கேட்பது? விழுப்புரம், கடலூர் உழவர்களுக்கு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது, கிராம சபை இருக்கிறது. புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. அதனால் இங்கே சட்டமன்ற உறுப்பினரையும் வேளாண் துறையையும்தான் பிடிக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு முன்னால் கொடுக்கிற மனுவுக்குத்தான் மதிப்பு. வந்த பிறகு கொடுத்தால் கோப்பில் தூங்கும்.

நம்ம கையில் இருப்பது

கேட்பது ஒரு பக்கம். குறைப்பது நம்ம கையில் இருக்கிறது.

இயற்கை விவசாயம் என்றாலே எண்ணெய் இல்லாத விவசாயம் என்று சொல்லிவிட முடியாது. யூரியாவை விட்டவர்கள் எரு ஏற்ற டிராக்டரை இரண்டு நடை அதிகம் ஓட்டுவதுண்டு. பல தானியம் விதைத்து மடக்கி உழ ரோட்டவேட்டரை இரண்டு சால் விடுவதுண்டு. களைக்குப் பெட்ரோல் பவர் வீடர் வந்துவிட்டது. இதையெல்லாம் எழுதிப் பார்த்தால்தான் எங்கே குறைக்கலாம் என்று தெரியும்.

எருவைத் தூரத்திலிருந்து ஏற்றுவதைவிட வயலிலேயே வளர்ப்பது மலிவு. தக்கைப்பூண்டும் சணப்பும் பூக்கும் தருணத்தில், தண்டு முற்றும் முன் மடக்கினால் ஒரு சாலில் வேலை முடியும். பத்து நாள் தாமதித்தால் இரண்டு சால். மழை ஈரத்தில் புழுதி உழவு போட்டுவிட்டால் பிறகு டிராக்டர் திணறாது. மூடாக்கு போட்ட தோட்டத்தில் களைக்கும் உழவுக்கும் இயந்திரம் இறங்குவது வருடத்துக்கு வருடம் குறையும். மேட்டு நிலத்தில் மானாவாரி கம்பு, வரகு, எள்ளுக்குச் சேற்றுழவே கிடையாது. நாலைந்து பேர் அடுத்தடுத்த வயலுக்கு ஒரே நாளில் டிராக்டர் பேசினால், வெறும் வண்டி வந்து போகிற டீசல் மிச்சம். காய்கறியைத் தனித்தனி பைக்கில் கொண்டுபோவதற்குப் பதில் ஒரே வண்டியில் உழவர் சந்தைக்கு அனுப்பினாலும் அப்படித்தான்.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஐந்து பத்தி போதும்: தேதி, வேலை, வண்டி ஓடிய மணி, டீசல் லிட்டர், கொடுத்த பணம். வாடகை வண்டி என்றால் ஓட்டுநரிடம் எத்தனை லிட்டர் பிடித்தது என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்தில், போன தலைமுறையில் அந்த வயலுக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டார்கள் என்பதையும் எழுதி 28-ஆல் பெருக்குங்கள். நீங்கள் நாட்டுக்கு மிச்சம் பிடித்த லிட்டர் அது. பத்துப் பேரின் நோட்டு சேர்ந்தால் ஊர்க் கணக்கு. ஐம்பது ஊர்க் கணக்கு சேர்ந்தால், "விவசாயிக்கு மானியம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை" என்று சொல்கிற எந்த அதிகாரியின் மேசை மேலும் வைக்கலாம்.

சொர்ணவாரிக்கு முதல் சால் ஓட்டுகிற அன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். அடுத்த பட்ஜெட் மனுவுக்கு அந்தக் கணக்குதான் இணைப்பு.